மார்கழிக்கு ஒரு பூசணிக் கேக்

சர்க்கரைப் பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதில் கேக் செய்யப் போகிறவர் மாவை அளப்பதற்கு முன்பே இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கேக் நடுவில் களி மாதிரி நின்றுபோகும், அடுப்பில் பொங்கி நின்றது ஆறியதும் குழி விழும், மறுநாளே பூசணம் பிடிக்கும். அப்போதெல்லாம் மாவைத் திட்டுவோம், அடுப்பைத் திட்டுவோம். பெரும்பாலும் காரணம் காய்க்குள் இருந்த தண்ணீர்தான். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இலையுதிர் காலத்தோடு சேர்ந்து வருகிற பண்டம் பூசணிக் கேக். அக்டோபர், நவம்பர் வந்தால் அங்கே பூசணி இல்லாத பேக்கரியைப் பார்க்க முடியாது. நம் ஊர் மயிலாடும்பாறையில் இலை உதிர்வதை வைத்து யாரும் பருவம் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வருசநாட்டு மலையில் மழை இறங்கி மூல வைகையில் தண்ணீர் ஓடினால் அதுதான் இங்கே பருவம். ஆனாலும் பூசணியைப் பொறுத்தவரை இரண்டு ஊர்க் கணக்கும் ஒத்துப்போகிறது. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதை கொடியாக ஓடி, பூத்து, காய் முற்றி வீட்டுக்கு வரக் கார்த்திகை ஆகிவிடும். முற்றிய காயைக் கீறல் படாமல் பரணில் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறும். ஆகவே மார்கழியில் வெட்டுகிற காய் அறுத்த அன்று இருந்ததைவிட இனிக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றும் அடுத்தடுத்து நிற்கிற மாதத்துக்குக் காயும் பக்குவமாகி நிற்கிறது.

நம்முடைய காய் அவர்கள் கேக்குக்கு ஒத்துவருமா என்ற சந்தேகமே வேண்டாம். பூசணி அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோவின் ஓஹாகாவில் ஒரு குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. மிளகாயைப் போலவே இதுவும் கடல் தாண்டி வந்து நம் தோட்டத்தில் வேர் பிடித்தது. ஹாலோவீன் நாளில் கண்ணும் வாயும் செதுக்கி விளக்கு வைக்கிறார்களே, அந்தப் பூசணி நாரும் நீருமாக இருக்கும், கேக்குக்குச் சுகப்படாது. அங்கே டப்பாவில் அடைத்து விற்கிற பூசணி விழுது பெரும்பாலும் டிக்கின்சன் என்ற வேறு வகையிலிருந்து வருகிறது. அது குகுர்பிட்டா மொஸ்கேட்டா என்ற இனம். நம் சர்க்கரைப் பூசணியும் அதே இனம்தான். அவர்கள் டப்பாவைத் திறக்கிறார்கள், நாம் அரிவாள்மணையை எடுக்கிறோம்.

கேக் என்றாலே கடையில் வாங்குவது, நகரத்துப் பண்டம் என்ற தயக்கம் கிராமத்துச் சமையலறைகளில் இன்னும் இருக்கிறது. அது போக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்பார்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்துக் கேக் ஒன்றை மாதிரிக்குக் காட்டி, இதைப்போல் செய்துகொடு என்று கேட்டாராம். பிராந்திக்குப் பதிலாக பாப்பு ஊற்றியது உள்ளூரில் முந்திரிப் பழத்தில் காய்ச்சிய சாராயம். கையருகே இருந்ததை வைத்துத்தான் அந்தக் கேக்கும் உருவாகியிருக்கிறது.

மயிலாடும்பாறையைச் சுற்றிப் பாருங்கள். மூல வைகைக் கரையெல்லாம் தென்னை. கடமலை - மயிலை ஒன்றியத்தின் மலையடிவாரங்களில் இலவமும் கொட்டை முந்திரியும். வடமேற்கே போனால் போடிநாயக்கனூர், ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர். எண்ணெய், பருப்பு, வாசனை மூன்றுக்கும் மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மைதாவும் சோடா மாவும் மட்டும் கடைச் சரக்கு.

இனி காய். காம்பு காய்ந்து தக்கையாக இருக்க வேண்டும். தோலின் பளபளப்பு போய் மங்கியிருக்க வேண்டும், நகம் எளிதில் இறங்கக் கூடாது. வெட்டிய துண்டாக வாங்கினால் சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிறிய மஞ்சள் காய் குழம்புக்குப் போகட்டும்.

தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். இருக்கிற தண்ணீர் போதாதென்று இன்னும் ஏற்றிக்கொள்ளும். தோலோடு பெரிய துண்டுகளாக்கி, வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வையுங்கள். வெந்ததும் சதையைக் கரண்டியால் வழித்து மசித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். வடிகிற தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம். பிறகு அடி கனமான வாணலியில் எண்ணெய் எதுவும் விடாமல் சிறுதீயில் கிளறுங்கள். ஒரு கரண்டி விழுதைத் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் விட்டால் அதைச் சுற்றி நீர் வளையம் கசியக் கூடாது. அதுதான் பதம். அரைக் கிலோ காய்க்கு 200 கிராம் கெட்டி விழுது கிடைத்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இந்த ஒரு வேலைக்குப் பொறுமை இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அளவு: 200 கிராம் விழுதுக்கு 200 கிராம் மைதா, பொடித்துச் சலித்த மண்டை வெல்லம் 180 கிராம், தேங்காய் எண்ணெய் 100 மில்லி, முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா மாவு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வாசனைக்கு ஏழெட்டு ஏலக்காய், அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், சிறு துண்டு பட்டை, ஜாதிக்காயை ஒரு இழைப்பு. மேல்நாட்டில் பட்டைதான் முன்னால் நிற்கும். நான் ஏலக்காயை முன்னால் நிறுத்துவேன். வெல்லத்தோடு அதற்கு இருக்கிற உறவு பட்டைக்கு இல்லை. மார்கழி விரதத்தில் முட்டை வேண்டாம் என்பவர்கள் 100 மில்லி கெட்டித் தயிர் சேர்க்கலாம். தயிரிலும் தண்ணீர் உண்டு என்பதால் விழுதை 150 கிராமாகக் குறைத்துவிடுங்கள்.

சோடா மாவைக் கூட்டினால் இன்னும் பொங்கும் என்று நினைப்பது தப்பு. அது புளிப்பைச் சந்தித்தால்தான் முழுதாகக் காற்றை விடும். வெல்லத்திலும் தயிரிலும் லேசான புளிப்பு இருக்கிறது, ஆனால் அளவாகத்தான் இருக்கிறது. மிஞ்சிய சோடா சோப்பு ருசியாக நாக்கில் நிற்கும், நிறத்தையும் கறுக்க வைக்கும். முட்டை, வெல்லம், எண்ணெய், விழுது நான்கையும் நன்றாக அடியுங்கள், எவ்வளவு அடித்தாலும் கெடுதல் இல்லை. மாவைச் சலித்துச் சேர்த்த பிறகு கை நிதானப்பட வேண்டும். மைதாவை அடிக்க அடிக்கப் பசை இழுத்து கேக் இறுகும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், லேசாக உருக்கி எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ஓவன் இல்லாவிட்டால் நின்றுவிட வேண்டாம். அடி கனமான பழைய சட்டி ஒன்றில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுத்தமான மணல் பரப்பி, நடுவில் ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் காய விடுங்கள். எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல் கலவையை ஊற்றி உள்ளே வைத்து, தீயைக் குறைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு நடுவில் குத்திய ஈர்க்குச்சி சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் இன்னும் பத்து நிமிடம். இந்த முறையில் சூடு கீழிருந்தே வருவதால் மேல்பக்கம் வெளிறி நிற்கும். கனத்த இரும்பு மூடியின்மேல் சிரட்டைக் கங்கைக் கடைசிப் பதினைந்து நிமிடம் பரப்பினால் மேலேயும் சிவக்கும். அதற்குத் திறந்த வெளியில் அடுப்பு வேண்டும்.

அலங்காரத்துக்கு வருவோம். கடைக் கேக்கில் இருக்கிற வெண்ணெய் கிரீமை இங்கே முயல வேண்டாம் என்றே சொல்வேன். முப்பது டிகிரியைத் தாண்டினாலே வெண்ணெய் தளர்ந்து வழியத் தொடங்கும். நம் ஊர் மார்கழி மதியம் அதைத் தாங்காது. அதற்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சிறுதீயில் கரண்டியில் படிகிற பதம் வரை காய்ச்சுங்கள். தீ கூடினால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போது கேக்கின் நடுவில் ஊற்றினால் அதுவாகவே ஓரங்களில் இறங்கி நிற்கும். மேலே வறுத்த கொட்டை முந்திரி.

பூசணித் துண்டையே நகையாக்கலாம். இலங்கையில் வெண்பூசணியைப் பாகில் ஊறவைத்து புகுல் தோசி செய்வார்கள். ரவையும் முந்திரியும் சேர்கிற அவர்களுடைய லவ் கேக்கிலும், கிறிஸ்துமஸ் கேக்கிலும் அது துண்டு துண்டாகப் போகும். அந்த வழியில் சர்க்கரைப் பூசணியை மெல்லிய நாடாக்களாகச் சீவி, சர்க்கரைப் பாகில் கண்ணாடிபோல் ஆகும் வரை வேகவைத்து, தட்டில் உலர்த்தி எடுங்கள். வெல்லப் பாகில் போட்டால் நிறம் மங்கிவிடும். பூசணி உருவமே வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் குழிவான இரண்டு கிண்ணங்களில் சுட்டு ஒட்டிவிட்டு, காம்புக்கு ஒரு பட்டைத் துண்டைச் செருகினால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கோலம்தான். கோலப்பொடி சலிக்கிற அச்சுத் தட்டு ஒன்றைப் புதிதாக வாங்கிக் கேக்குக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பொடித்த சர்க்கரையில் கொஞ்சம் சோள மாவு கலந்து, பால் ஊற்றாத கேக்கின்மேல் அச்சை வைத்துச் சலித்தால் வெள்ளைக் கோலம் விழும். நடுவில் ஒரு பூசணிப் பூ. மார்கழி வாசலில் சாணத்தில் செருகுவதற்குப் பறிக்கும்போதே, மருந்து அடிக்காத கொடியில் ஒன்றைத் தனியாக எடுத்துக் கழுவி, எறும்பு இல்லாமல் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பிஞ்சு உள்ளது பெண் பூ, அதைத் தொடாதீர்கள், ஒரு காய் போய்விடும். நீண்ட காம்போடு நிற்கிற ஆண் பூ போதும். விடியும்போது விரிகிற பூ முற்பகலிலேயே சுருங்கிவிடும் என்பதால் பூ வைக்க நினைத்தால் காலையிலேயே பரிமாற வேண்டும். சர்க்கரைக் கோலமும் நேரம் தாங்காது, கேக்கின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். ஆட்கள் உட்கார்ந்த பிறகு போடுங்கள்.

சுட்ட அன்றே வெட்ட அவசரப்பட வேண்டாம். ஒரு இரவு மூடி வைத்தால் வெல்லமும் ஏலமும் உள்ளே இறங்கி ருசி கூடும். மழை ஈரம் உள்ள நாட்களில் வெளியே இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். பிறகு பிரிட்ஜில் போய்விட வேண்டும். அங்கே தேங்காய் எண்ணெய் உறைந்து துண்டு கெட்டியாகும், தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சூடு காட்டினால் மறுபடி இளகிவிடும். கூடக் குடிக்க மேகமலைத் தேயிலை இருந்தால் பால் குறைத்து, சர்க்கரை போடாமல் கொடுங்கள்.