அடுப்பை அணைத்த பிறகும் அடிப்பிடிக்கும்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேச்சு நீண்டுவிட்டது. ஓடி வந்து அணைத்தாலும், கனத்த பாத்திரத்தின் சூடு அடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தையின் தலைக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

பெயர்தான் ஜப்பான், இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூரில். வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமோ கொக்கு, நாரையிடமோ வைரஸை வாங்கி நமக்கு ஏற்றுகிறது. ஏறியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் முற்றும். முற்றினால் இறப்பு 30 சதவீதம் வரை போகும். பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நிரந்தரக் குறை தங்கிவிடுகிறது.

வைரஸ் ஒழிந்த பின்னும் ஏன்? அதை விரட்டக் கிளம்பிய மூளையின் காவல் செல்கள் உடனே அடங்குவதில்லை. அவை கக்கும் ரசாயனங்கள் பக்கத்திலிருக்கும் நல்ல நரம்பு செல்களையும் கருக்கிவிடுகின்றன. அதிகம் அடிபடுவது தலாமஸ் என்ற நடுப்பகுதி. உடலின் உணர்வுச் செய்திகள் பெரும்பாலும் அதன் வழியாகவே மேலே போகின்றன. கருகியது அடியில் ஒரு வட்டம், தீய்ந்த வாடையோ பால் முழுக்க. தலாமஸை ஒட்டி, அசைவை ஆளும் பகுதிகளும் கெடுவதால், தாத்தாக்களிடம் பார்க்கும் விறைப்பும் நடுக்கமும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் தெரியும்.

அடிப்பிடித்த பாத்திரத்தில் மறுமுறை காய்ச்சினால் அதே இடத்தில்தான் பிடிக்கும். மூளையில் தழும்பேறிய இடத்தைச் சுற்றி மின்னோட்டம் தாறுமாறாகும்போது வருவதுதான் வலிப்பு. காய்ச்சல் விட்டு மாதக்கணக்கான பிறகும் வரலாம்.

பெற்றோர் ஏமாறுவது வேறோர் இடத்தில். இரண்டு வயதில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கூட்டல் கணக்கும், ஓரிடத்தில் உட்கார்ந்து கவனிப்பதும் அப்போது தேவையே இல்லை. நடக்கிறான், சிரிக்கிறான், டிஸ்சார்ஜும் ஆகிவிட்டது. குடித்துப் பார்த்தால்தானே வாடை தெரியும்? பள்ளியில் சேர்த்த பிறகு மறதியும் கோபமும் வெளிவரும்போது பழைய காய்ச்சலை யாரும் நினைப்பதில்லை. 'அடங்காதவன்' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அநியாயமான பட்டம் அது.

பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். செத்த நரம்பு செல் திரும்பாது. ஆனாலும் பிழைத்த பகுதிகள் ஓரளவு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். முதல் ஓராண்டில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால் பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் தள்ளிப்போடக் கூடாது. வலிப்புக்கு மாத்திரை உண்டு. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, அரசு இலவசமாகப் போடுகிறது.