ஒளிக்குக் கடிவாளம் – 9: பட்டுக் கைக்குட்டை

குறைக்கடத்தி லேசர் சபலபுத்தி உடையது, சற்றே உஷ்ணம் ஏறினாலும் தன் அலைநீளத்தை மாற்றிக்கொண்டுவிடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் சபலத்தை, நெருக்கமான கீற்றுகள் வரிசையாக இட்ட தகடாகிய கீற்றணி எவ்வாறு அடக்குகிறது என்பதை இந்த வாரம் விஸ்தாரமாகச் சொல்வதாக இருந்தேன். ஆனால் கீற்றணியின் பூர்வோத்தரத்தைப் புரட்டுகையில் கண்ணில் பட்ட ஒரு சங்கதி, நான்கு நாட்களாக என்னை வேறெதையும் எழுதவிடவில்லை.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் ஹாப்கின்சன், கோடைகால மாலை ஒன்றில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பட்டுக் கைக்குட்டையை இழுத்துப் பிடித்து அதனூடே தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தார். இழைகள் பருத்துக் கம்பிகள்போலத் தெரிந்தன. அதுகூடப் பெரிதில்லை, கைக்குட்டையை இடமும் வலமுமாக அசைத்தும் அந்தக் கம்பிகள் அசையாமல் நின்றனவே, அதுதான் அவரைத் திகைக்கவைத்தது. 1785இல், வானசாஸ்திரியும் கடிகாரம் செய்வதில் நிபுணருமான தம் பிலடெல்பியா நண்பர் டேவிட் ரிட்டன்ஹவுஸுக்கு இந்த விசித்திரத்தை எழுதி விளக்கம் கேட்டார். ரிட்டன்ஹவுஸோ கடிதத்தோடு திருப்தியடையாமல், நுண்ணிய மரைகள் வெட்டிய இரண்டு பித்தளைக் கம்பிகளுக்கிடையே, மரைக்கு ஒன்றாகத் தலைமயிர்களை வரிசையாகப் பூட்டி, இருட்டறையின் சன்னலில் விட்ட சிறு துவாரத்தை அதன் வழியே நோக்கினார். நடுக்கோட்டின் இருபுறமும் வர்ணக்கோடுகள் அணிவகுத்து நின்றன. அவற்றுள் சிவப்பு அதிகமாகவும் நீலம் குறைவாகவும் விலகியிருந்ததை அவர் குறித்துவைத்தார்.

நானும் வீட்டிலிருந்த மெல்லிய பட்டுத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வர்ணங்கள் தெரிந்தன, எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையும் தெரிந்தது.

சிவப்பு அதிகம் விலகுகிறது என்ற அந்தக் குறிப்பில்தான் நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது: ஒவ்வோர் அலைநீளமும் தனக்கென ஒரு கோணத்தில் விலகுகிறது. மில்லிமீட்டருக்கு 1800 கீற்றுகள் உள்ள தகட்டை லேசருக்கு எதிரே சுமார் 45 டிகிரி சாய்த்து வைத்தால், 780 நானோமீட்டர் ஒளி மாத்திரம் வந்த வழியே திரும்பி லேசருக்குள் புகுந்து, அங்கே போஷிக்கப்பட்டுப் பிறவற்றைத் தலையெடுக்கவிடாமல் செய்துவிடுகிறது. பிற அலைநீளங்கள் கொஞ்சம் கோணம் தப்பி வாசலைத் தவறவிடுகின்றன. தகட்டைச் சிறிது திருப்பினால் வேறோர் அலைநீளத்துக்கு அந்த யோகம் வாய்க்கும். இந்த ஏற்பாட்டுக்கு லிட்ரோ அமைப்பு என்று பெயர். ஆனால் 1864இல் 21 வயதிலேயே காலமான வியன்னாவின் ஒட்டோ வான் லிட்ரோ தம் நிறமாலைமானியில் ஒளியை வந்த வழியே திருப்பியபோது, குறைக்கடத்தி லேசர் பிறக்க இன்னும் ஏறக்குறைய நூறாண்டு இருந்தது.

அந்த 780 ஏன் என்று கேட்பீர்கள். குறுந்தகட்டில் பாட்டுக் கேட்பதற்காக ஏராளமாகச் செய்யப்பட்ட மலிவான லேசரின் அலைநீளமும், ரூபிடியம் அணு ஆவலோடு விழுங்கும் அலைநீளமும் ஏறத்தாழ ஒன்றாயிருந்த அதிருஷ்டத்தால், 1995இல் கொலராடோவின் போல்டர் நகரில் நிகழ்ந்த ஓர் அற்புதத்துக்கு வழி பிறந்தது. அதையும், அலைநீளம் திடீரென்று படி தாண்டிக் குதிக்கும் துஷ்டத்தனத்தையும் அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன், ரிட்டன்ஹவுஸ் மறுபடி குறுக்கிடாவிட்டால்.