ஓட்டுப் பெட்டியைக் கண்டு நடுங்கிய அரசு

1992-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, சனிக்கிழமை இரவு. அல்ஜீரியா நாட்டு மக்கள் டெலிவிஷனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் சாத்லி பென்ஜெதித் திரையில் தோன்றினார். ஒரு கடிதத்தை வாசித்தார். அது அவருடைய ராஜினாமாக் கடிதம்.

அதற்கு ஐந்து நாள் கழித்து, 16-ந் தேதி, பொதுத்தேர்தலின் இரண்டாவது சுற்று நடக்க இருந்தது. மறுநாளே அந்தத் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. தலைநகர் அல்ஜீர்ஸ் வீதிகளில் ராணுவ டாங்கிகள் வந்து நின்றன.

காரணம் என்ன? முதல் சுற்றில் ஜெயித்தது 'இஸ்லாமிய விமோசன முன்னணி' என்ற எதிர்க்கட்சி. அதை ஆட்சிக்கு வரவிடக் கூடாது என்று ராணுவத் தளபதிகள் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஒரு முடிவுக்கு அல்ஜீரியா கொடுத்த விலை ஒன்றரை லட்சம் உயிர்களுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த அச்சம் எப்படி வந்தது? இவ்வளவு பெரிய எதிர்க்கட்சி எங்கிருந்து முளைத்தது?

ஒரே கட்சி, ஒரே குரல்

அல்ஜீரியா 132 ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த நாடு. 1954 முதல் 1962 வரை ஆயுதம் ஏந்திப் போராடி விடுதலை பெற்றது. அந்தப் போரில் 15 லட்சம் பேர் உயிர்த்தியாகம் செய்தார்கள் என்பது அந்த நாட்டு அரசு சொல்லும் கணக்கு.

போரை நடத்திய 'தேசிய விடுதலை முன்னணி'தான் பிறகு ஆட்சியைப் பிடித்தது. மற்ற கட்சிகளுக்கு இடம் இல்லை. தொழிற்சங்கம் கட்சியின் சங்கம். பத்திரிகை சர்க்கார் பத்திரிகை. 1965-ல் ராணுவப் புரட்சி மூலம் பதவிக்கு வந்த பூமெதியன் 1978 வரை ஆண்டார். 1979-ல் வந்த சாத்லி பென்ஜெதித்தும் ராணுவக் கர்னல்தான். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பின்னால் நின்றது ராணுவம்.

மண்ணுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன. ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் அதிலிருந்தே வந்தது. அந்தப் பணத்தில் ரவை, மாவு, எண்ணெய் எல்லாம் மலிவு விலையில் கிடைத்தன. ஆகவே ஜனங்களும் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள்.

1986-ல் உலக மார்க்கெட்டில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கஜானா காலியாயிற்று. கடைகளில் ரவைக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. குழாயில் தண்ணீர் வருவதே விசேஷம். வீடு கிடைக்காமல் பெரிய குடும்பங்கள் சிறிய அறைகளில் அடைந்து கிடந்தன. இடம் போதாமல் முறை வைத்துத் தூங்கினார்கள். வெளிமாநிலத்துக்குப் பிழைக்க வந்து, ஒரே அறையில் ஷிப்டு முறையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

படித்த வாலிபர்களுக்கு வேலை இல்லை. நாள் முழுவதும் தெருச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அரபு மொழியில் சுவருக்கு 'ஹித்' என்று பெயர். அதை வைத்து அவர்களை 'ஹித்திஸ்த்' என்று அழைத்தார்கள். சுவர் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் எங்கள் உத்தியோகம் என்று அவர்களே கேலி பேசிக்கொள்வார்கள்.

1988-ம் ஆண்டு அக்டோபரில் அந்தச் சுவர்கள் காலியாயின. வாலிபர்கள் தெருவில் இறங்கி சர்க்கார் கட்டிடங்களையும் கட்சி ஆபீசுகளையும் அடித்து நொறுக்கினார்கள். ராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. இறந்தவர்கள் 159 பேர் என்றது அரசு. 500 பேர் வரை இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். விடுதலைப் போரில் பிறந்த ராணுவம் சொந்த ஜனங்களையே சுட்டது. அந்த வடு ஆறவே இல்லை.

திறந்திருந்த ஒரே கதவு

பொதுக்கூட்டம் போடக் கூடாது, கட்சி தொடங்கக் கூடாது, எதிர்த்து எழுதக் கூடாது என்று ஆட்சியாளர்கள் எல்லாக் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையை மட்டும் சாத்த முடியவில்லை.

பள்ளிவாசல்களுக்கு இமாம்களை நியமிப்பது அரசாங்கம். ஆனால் கட்டி முடித்த பள்ளிவாசலைத்தான் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட ஜனங்கள் பல பேட்டைகளில் பள்ளிவாசலைக் கட்டினார்கள், முடிக்காமல் விட்டார்கள். கட்டிடம் அரைகுறையாக நிற்கும். ஆனால் உள்ளே பிரசங்கம் நடக்கும். அங்கே சர்க்கார் இமாம் வர முடியாது.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. பழமைவாதிகளைத் திருப்திப்படுத்த 1984-ல் ஒரு குடும்பச் சட்டம் கொண்டு வந்தது. வயது வந்த பெண்கூட ஆண் காப்பாளர் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்றது அந்தச் சட்டம். பெண்கள் வீதியில் நின்று எதிர்த்தும் பயன் இல்லை. மதத்தின் பேரைச் சொல்லி அரசு தனக்கு ஆதரவு தேடிக்கொண்டது. பின்னால் அதே பேரைச் சொல்லிக்கொண்டு எதிரி வந்தபோது பதில் சொல்ல வழி இல்லை.

1988 கலவரத்துக்குப் பிறகு சாத்லி இறங்கி வந்தார். 1989 பிப்ரவரியில் புதிய அரசியல் சட்டம் வந்தது. கட்சிகள் தொடங்கலாம் என்றது. அதே ஆண்டில் இஸ்லாமிய விமோசன முன்னணி பிறந்தது.

தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பாஸி மதானி. விடுதலைப் போர் தொடங்கிய 1954-லேயே சிறைக்குப் போனவர். பிரிட்டனில் டாக்டர் பட்டம் பெற்ற பேராசிரியர். மற்றவர் அலி பெல்ஹாஜ். 1956-ல் பிறந்தவர், பள்ளிக்கூட ஆசிரியர். அல்ஜீர்ஸில் பாப் எல் ஊத் என்ற ஏழைப் பேட்டையில் அவர் பிரசங்கம் செய்தால் தெருவெல்லாம் கூட்டம் நிரம்பி வழியும்.

1989 அக்டோபரில் திப்பாஸா பகுதியில் பூகம்பம் வந்தது. அரசு அதிகாரிகள் வருவதற்கு முன்பே கூடாரமும் கம்பளியும் சாப்பாடும் கொண்டுபோய் இறங்கியவர்கள் முன்னணியின் தொண்டர்கள். ஓட்டு எங்கே விளைகிறது என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1990 ஜூன் 12-ந் தேதி உள்ளாட்சித் தேர்தல். சுமார் 1,540 நகரசபைகளில் 850-க்கும் மேலானவை, 48 மாகாண சபைகளில் 32 முன்னணியின் வசமாயின. நகரசபை வாசலில் இருந்த 'மக்களால், மக்களுக்காக' என்ற பலகை இறங்கியது. 'இஸ்லாமிய நகரசபை' என்ற பலகை ஏறியது.

அச்சப்பட்டது யார்?

அச்சப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. தளபதிகளும் கட்சிப் பிரமுகர்களும் பதவி போய்விடுமே, பழைய கணக்குகளைக் கிளறுவார்களே என்று பயந்தார்கள்.

சாமானிய ஜனங்களில் ஒரு பகுதியினரின் பயம் வேறு. ஜனநாயகமே மதத்துக்கு விரோதம் என்று பெல்ஹாஜ் மேடையில் பேசிவந்தார். சில நகரசபைகள் இசை நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்டன. 1991 நவம்பரில் எல்லையோர ஊரான குவெம்மாரில் ஆயுதக் கும்பல் ஒன்று ராணுவச் சாவடியைத் தாக்கிச் சிப்பாய்களைக் கொன்றது. வேலைக்குப் போகும் பெண்கள், எழுத்தாளர்கள், பெர்பர் மொழி பேசும் மக்கள் பலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர்களில் பலர் தேர்தலை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் சுற்று முடிந்த பின், 1992 ஜனவரி 2-ந் தேதி, ஹுசேன் ஆயித் அகமது தலைமையில் அல்ஜீர்ஸில் லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். போலீஸ் ராஜ்யமும் வேண்டாம், மத ராஜ்யமும் வேண்டாம், இரண்டாவது சுற்றில் ஓட்டுப் போட்டு நிலைமையை மாற்றுவோம் என்பது அவர்கள் கட்சி.

கணக்கு சொன்ன சேதி

1991-ல் அரசு தொகுதிகளை மாற்றி அமைத்தது. தன் செல்வாக்குள்ள கிராமப்புறங்களுக்கு அதிக இடம் ஒதுக்கியது. அதை எதிர்த்து முன்னணி மே மாதம் வேலைநிறுத்தம் அறிவித்தது. தெருச் சண்டை மூண்டது. ஜூன் 30-ந் தேதி மதானி, பெல்ஹாஜ் இருவரையும் கைது செய்தார்கள். தலைவர்கள் சிறையில் இருக்க, அப்துல்காதர் ஹஷானி என்ற எஞ்சினீயர் கட்சியைத் தேர்தல் களத்துக்கு அழைத்துப் போனார்.

டிசம்பர் 26-ந் தேதி முதல் சுற்று. மொத்தம் 430 இடம். அன்றே முடிவான 231 இடங்களில் முன்னணிக்கு 188. ஆயித் அகமது கட்சிக்கு 25. ஆளும் கட்சிக்கு 15.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 1990-ல் முன்னணி வாங்கிய ஓட்டு சுமார் 43 லட்சம். 1991-ல் வாங்கியது சுமார் 33 லட்சம்தான். ஒன்றரை வருஷம் நகரசபைகளை நடத்தியதில் பத்து லட்சம் ஓட்டுப் போய்விட்டது. பட்டியலில் இருந்த வாக்காளர்களில் நாலில் ஒரு பங்குகூட அவர்களுக்குப் போடவில்லை. பத்தில் நாலு பேர் ஓட்டுச்சாவடிக்கே வரவில்லை. பிறகு எப்படி 188 இடம்? அதிக ஓட்டு வாங்கியவரே முழு இடத்தையும் அள்ளும் முறையை, தனக்குச் சாதகம் என்று எண்ணிக் கொண்டுவந்தது ஆளும் கட்சி. வெட்டிய குழியில் அதுவே விழுந்தது.

பொறுப்பைக் கொடுத்தால் மவுசு தேயும் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தளபதிகள் 188 என்ற எண்ணை மட்டுமே பார்த்தார்கள். பதவிக்கு வந்தபின் முன்னணி இன்னொரு தேர்தல் நடத்தியிருக்குமா என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடையாது. விடை தெரிய விடவில்லை.

பத்தாண்டு இருட்டு

பிப்ரவரி 9-ந் தேதி நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அது நீங்கியது 2011-ல். மார்ச் மாதம் முன்னணி கலைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொண்டர்களை விசாரணை இல்லாமல் சஹாரா பாலைவன முகாம்களில் அடைத்தார்கள். பேசத் தெரிந்தவர்கள் முகாமுக்குள் போனார்கள். துப்பாக்கி பிடித்தவர்கள் மலைக்குப் போனார்கள். எந்தக் கும்பலைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ, அந்தக் கும்பல் உண்மையாகவே வளர்ந்தது.

ஆட்சிக்கு ஒரு நல்ல முகம் வேண்டும் என்று, விடுதலைப் போர்த் தலைவர் முகமது பூதியாஃபைத் தேடிப் பிடித்தார்கள். அவர் மொராக்கோவில் செங்கல் சூளை நடத்திக்கொண்டிருந்தார். 28 வருஷம் கழித்துத் தாய்நாடு வந்தவர், லஞ்ச ஊழலைப் பற்றியும் பேசினார். 1992 ஜூன் 29-ந் தேதி அன்னாபா நகர மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டுக் கொன்றவன் அவருடைய பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவன்.

1993-ல் எழுத்தாளர் தாஹர் ஜாவூத் கொல்லப்பட்டார். 1994-ல் காதல் பாட்டுப் பாடிய ஷெப் ஹஸ்னி ஒரான் நகரில் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் 60-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் மாண்டார்கள். 1997-ல் ராயிஸ், பெந்தல்ஹா கிராமங்களில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பேரைக் கழுத்தறுத்தார்கள் ஆயுதக் கும்பலார். பக்கத்தில் இருந்த ராணுவம் உதவிக்கு வரவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

பகலில் ராணுவம் சந்தேகம் என்று பிடித்துப் போகும். இரவில் கும்பல் காட்டிக்கொடுத்தவன் என்று வெட்டும். இரண்டுக்கும் நடுவே செத்தவர்கள் பெரும்பாலும் ஏழை எளியவர்கள்.

போட்டோவோடு நிற்கும் தாய்மார்கள்

1999-ல் பூத்தஃபிலிக்கா அதிபரானார். ஆயுதத்தைக் கீழே போட்டவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். 2006-ல் வந்த சட்டம் பாதுகாப்புப் படையினர் மீது வழக்குப் போடுவதையும் தடுத்தது. அந்தக் காலத்துக் காயத்தைக் கிளறி அரசுக்குக் கெட்ட பேர் உண்டாக்கினால் சிறைத் தண்டனை என்றும் சொன்னது.

ராணுவத்தாரும் போலீசாரும் பிடித்துப்போய்க் காணாமல் போனவர்கள் 6,000 பேருக்கு மேல் என்று அரசாங்கக் கமிஷனே ஒப்புக்கொண்டது. நஷ்டஈடு தருகிறோம், மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தாய்மார்கள் பலர் மறுத்தார்கள். பணம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொன்னால் போதும் என்றார்கள். 1998-லிருந்து பல ஆண்டுகள், புதன்கிழமை தோறும், மகனின் பழைய போட்டோவை நெஞ்சில் அணைத்தபடி அல்ஜீர்ஸில் மனித உரிமை அலுவலகத்தின் முன் வந்து நின்றார்கள்.

2019 பிப்ரவரியில் பூத்தஃபிலிக்கா ஐந்தாவது முறையும் போட்டியிடப் போகிறார் என்றதும் ஜனங்கள் வெகுண்டு எழுந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து லட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். பிரதமர் சிரியாவைச் சுட்டிக்காட்டிப் பயமுறுத்திப் பார்த்தார். இந்தத் தடவை அது பலிக்கவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து தேசியக் கொடி பிடித்து, ராணுவ ராஜ்யம் வேண்டாம், குடிமக்கள் ராஜ்யம் வேண்டும் என்று முழங்கினார்கள். ஏப்ரல் 2-ந் தேதி அதிபர் விலகினார். ராணுவத்தின் பிடி மட்டும் விலகவில்லை.

எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, ஒரு கதவு வழியாக மட்டும் இத்தனை கூட்டம் வருகிறதே என்று அஞ்சுவதில் அர்த்தம் இல்லை. கதவுகளை அடைத்த தளபதிகளில் பலர் வயதாகிக் கட்டிலில் செத்தார்கள். கணக்குத் தீராமல் நிற்பவர்கள், கையில் போட்டோவோடு நிற்கும் அந்தத் தாய்மார்கள்தான்.