பழைய மாவாட்டும் பொறி

ஆனி ஆடி மாதங்களிற் குற்றாலத்துச் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசி வீடுகளில் உறவினர் வருகைக்குக் குறைவில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு இட்டலி மா வேண்டிய அந்நாட்களிற்றான் மூலையிற் கிடக்கும் பெரிய கிரைண்டர் ஓடாமல் நின்றுவிடும். அதனைப் பழுது பார்ப்பதோ, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதோ என்னும் வினாவை ஈண்டு ஆராய்வோம்.

இப்பொறி நம் நாட்டிலேயே பிறந்தது. கோயம்புத்தூர்ச் சபாபதி என்பார் 1955-ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார் என்பர். நம் பாட்டிமார் ஆட்டுரலில் உரல் நிற்கக் குழவி சுழன்றது. கிரைண்டரிலோ உரலே சுழல, குழவி ஓரிடத்தில் நின்று உருள்கின்றது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,440 முறை சுழலும் மோட்டாரின் வேகத்தைக் கப்பியும் பெல்ட்டும் பன்மடங்கு குறைத்து உரலுக்குத் தருகின்றன. வேகம் குறைவாதலின் மா அதிகம் சூடேறுவதில்லை. உளுந்தும் நன்றாய்ப் பொங்கும்.

ஆகவே நோயை அறிதல் எளிது. மோட்டார் ஓடியும் உரல் அசையாவிடின் பெல்ட் தளர்ந்தது அல்லது அறுந்தது. மோட்டார் வெறுமனே முனகி நிற்குமாயின் கண்டென்சர் கெட்டிருத்தல் கூடும். அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்குமாதலின் நாம் கைவையாது மெக்கானிக்கிடம் விடுதல் நன்று. கடகடவென்று ஓசை எழுந்தால் பேரிங்கை ஐயுறலாம். கருகிய நாற்றம் வந்தாலும் அஞ்சவேண்டா. காயில் புதிதாய்க் கட்டலாம். தொட்டாற் சுரீரென்று மின்சாரம் தாக்கினால் மட்டும், எர்த் இணைப்பும் வயரும் சீராகுமளவும் அதனை ஓட்டலாகாது. மழைக்காலத்து ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பது நம் வழக்கமன்றோ!

இவையெல்லாம் மாற்றக்கூடிய உறுப்புகள். கல் விரிந்ததாயின் அன்றோ பொறி முடிந்தது! மா நறநறவென்றிருப்பது கல் தேய்ந்ததன் குறி, கொத்துவித்தால் தீரும். மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர்க் கிரைண்டர் நால்வருள்ள குடும்பத்திற்குப் போதும். தூக்கவும் கழுவவும் எளிது. முதியோர் தனித்திருக்கும் வீட்டிற்கு அதனையே சொல்வோம். விருந்து ஓயாத வீட்டிலோ அதனை ஐந்தாறு தடவை ஓட்டவேண்டும். அங்கே கல் நன்றாயிருக்குமளவும் பழையதை நீக்குதல் வீண்செலவே.

கொத்திய கல்லிற் பொடி தங்கியிருக்கும். முதலில் ஒருபிடி அரிசியை ஊறவைத்து ஆட்டி, அம்மாவைக் கொட்டிவிட்டுக் கல்லைக் கழுவுக. நீர் தெளிந்து வந்த பின்னரே உளுந்து இடுக.