லயக் காம்பராவில் வெப்பம்: மலையகத் தோட்டக் குடியிருப்பும் குளிரும் பற்றிய ஒரு நோக்கு

நுவரெலியாவின் குளிரைப் பற்றி எழுதியோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் அதனை ஓய்வுக்கும் உடல் நலத்துக்கும் உரியதொன்றாகவே கண்டனர். 1820களில் இலங்கையின் தேசாதிபதியாக விளங்கிய எட்வேட் பாண்ஸ் அங்குத் தமக்கென ஒரு மாளிகை அமைத்தார். அம்மாளிகை பின்னர் கிரான்ட் ஹோட்டலாக மாறியது. இன்றும் ஏப்ரல் மாதத்தில் தாழ்நிலத்து வெக்கையிலிருந்து தப்பி அந்நகரை நாடிச் செல்வோர் பலராவர். ஆயின் அந்நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் வாழ்வோர்க்குக் குளிர் என்பது விறகின் கணக்கு, போர்வையின் கணக்கு, குழந்தையின் இருமலின் கணக்கு. இக்கணக்கினை எவரும் விரிவாக எழுதிப் பார்த்ததில்லை என்றே கூறலாம்.

வருவாய் குறைந்த ஒரு குடும்பம் சிறியதோர் அறையைக் குறைந்த செலவிலும் உயிருக்கு ஊறு நேராமலும் எவ்வாறு வெப்பமாக வைத்திருத்தல் கூடும் என்னும் வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் லயக் காம்பராவே நாம் ஆராயும் அறை. வினா பௌதிகவியலைச் சார்ந்தது. எனினும் விடை பௌதிகவியலோடு நின்றுவிடுவதில்லை என்பது போகப் போகப் புலனாகும்.

லயத்தின் தோற்றம்

கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பருவகாலக் கூலிகளாகவே கருதப்பட்டனர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அதன் பின்னர் தேயிலை படிப்படியாகக் கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் தேவை. ஆகவே தொழிலாளர் குடும்பங்கள் நிலையாகத் தங்கலாயின. ஆனால் தற்காலிகத் தங்குமிடமாக உருவான லயத்தின் அமைப்பு மாறவில்லை. பொதுவாக 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பராக்கள் ஒரே வரிசையாகவோ, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவோ அமையும். முன்னே ஓர் இஸ்தோப்பு. மேலே நாகமுலாமிட்ட தகரக் கூரை. பெரும்பாலானவற்றிற் புகைபோக்கி இல்லை.

அதே தோட்டத்தின் துரை பங்களாவிற் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் இருந்தன. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் வெப்பமான வளி வெப்பமானி கொண்டு அளந்து செலுத்தப்பட்டது. எனவே, மலையில் வெப்பத்தை ஆளும் அறிவு இல்லாதிருந்தது என நாம் கூறமுடியாது. பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் பயன்பட்ட அவ்வறிவு லயத்தை வந்தடையவில்லை.

தொழிலாளிக்குக் குளிரின் பொருட்டுத் தோட்டம் வழங்கியது கம்பளி ஒன்றே. அக்கம்பளியின் விலையும் அவன் பெயரிற் கடனாக எழுதப்படுவது வழக்கமாயிருந்தது. கடனோடு தொழிலாளியைப் பிணித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கம்பளியோ இன்றும் மழையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையையும் முதுகையும் காத்து வருகின்றது.

இருவகைக் குளிர்

மலையகத்தின் குளிர் ஒரே தன்மையதன்று. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை வெகுவாகத் தாழும். சில ஆண்டுகளில் உறைபனி படிந்து தேயிலைத் துளிர் கருகுவதும் உண்டு. இது வறண்ட குளிர். 4,000 அடிக்கு மேலுள்ள ஹட்டனிலும் அதனையடுத்த மேற்குச் சரிவுகளிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் நீங்குவதில்லை. இங்கு வெப்பநிலை அத்துணை தாழ்வதில்லை. எனினும் உடையும் சுவரும் விறகும் ஈரமாகவே இருக்கும். இது ஈரக் குளிர்.

ஈரமும் வெப்பத்தை உண்ணும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாயூல் வெப்பம் வேண்டும். மழையில் நனைந்த வேலை உடைகளை அடுப்பின் மேற் கொடிகட்டி உலர்த்தும்போது, விறகின் ஒரு பகுதி அறையைச் சூடாக்காது துணியின் நீரை ஆவியாக்கவே செலவாகின்றது. அந்நீராவி குளிர்ந்த தகரத்தின் அடிப்புறத்தில் ஒடுங்கி, விடியற்காலையில் உறங்குவோர் மீது துளிகளாக வீழ்கின்றது.

வெப்பம் எவ்வழியே செல்கின்றது?

ஒரு காம்பராவை எடுத்துக்கொள்வோம். வெளியே 8 பாகை செல்சியசு. உள்ளே 18 பாகை வேண்டும். இந்த 18 பாகை ஆடம்பரமன்று. குளிர்காலத்தில் உடல் நலத்துக்குத் தீங்கற்ற உள்ளக வெப்பநிலையாக உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் வழிகாட்டியிற் குறித்தது இதுவே.

தகரக் கூரையின் பரப்பு 12 சதுர மீற்றர் எனவும், ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீற்றருக்கு 7 உவாற்று வீதம் வெப்பம் வெளியேறும் எனவும் கொண்டால், கூரையினால் இழப்பது 840 உவாற்று. முன், பின் கற்சுவர்களால் இழப்பது ஏறத்தாழ 340 உவாற்று. அறையின் வளி மணிக்கு நான்கு முறை மாறுமாயின் அதனால் இழப்பது ஏறத்தாழ 370 உவாற்று. மொத்தம் 1,550 உவாற்று. இருபுறமும் அயலவர் காம்பராக்கள் இருப்பதால் பக்கச் சுவர்களின் இழப்பை நாம் சேர்க்கவில்லை. ஒட்டுக் குடியிருப்பின் ஒரே நன்மை இதுவாகலாம். தெளிந்த இரவில் தகரம் வானை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிச் சூழ்வளியிலும் தாழ்ந்த வெப்பநிலையை அடைவதால், கூரையின் உண்மையான இழப்பு இதனிலும் மிகும்.

இழப்பிற் பாதிக்கு மேற்பட்டது கூரை வழியே செல்கின்றது என்பதே இக்கணக்கின் முதற்பாடம். வரவுப் பக்கத்தையும் நோக்குவோம். உறங்கும் மனிதவுடல் ஏறத்தாழ 75 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஐவர் உறங்கும் காம்பராவில் இது 375 உவாற்று ஆகும். ஆகவே எரிபொருள் ஈடுசெய்ய வேண்டியது 1,175 உவாற்று. பத்து மணி நேர இரவுக்கு ஏறத்தாழ 42 மெகாயூல்.

கூரைக்குக் கீழ் ஒரு வளியிடைவெளி விட்டுப் பலகையாலோ வேறு தகுந்த பொருளாலோ உட்கூரை அமைத்தால் கூரையின் இழப்பை 300 உவாற்று அளவிற்குக் குறைக்கலாம். கதவிடுக்கினையும் கூரைக்கும் சுவருக்கும் இடையிலான வெளியையும் ஓரளவு அடைத்து வளிமாற்றத்தை மணிக்கு மூன்று முறையாக்கினால் அவ்விழப்பு 280 உவாற்று ஆகும். அப்போது எரிபொருளுக்கு எஞ்சுவது 545 உவாற்று. ஓர் இரவுக்கு 20 மெகாயூல். தேவை பாதிக்கும் கீழே வந்துவிடுகின்றது. இதற்குமேல் அறையை அடைத்தல் தகாது. ஐவர் மூச்சுவிடும் சிற்றறைக்கு நல்வளி இன்றியமையாதது.

எரிபொருள்

லயத்தின் முதன்மையான எரிபொருள் மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பெண்கள் வேலை முடிந்தபின் அதனைக் கட்டிச் சுமந்து வருவர். பணச் செலவின்றிக் கிடைப்பதாயினும் அது இலவசமானதன்று. ஒரு நாட் கூலியுழைப்பின் பின் செய்யப்படும் கூலியில்லா உழைப்பு அது. மேலும் கவ்வாத்துக் குச்சிகள் நிலத்திற் கிடந்து மக்கினால் மண்ணுக்கு உரமாகும். ஆதலால் அடுப்புக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு போட்டியும் உண்டு.

விறகின் ஈரமே அதன் பயனை முடிவு செய்கின்றது. ஐந்திலொரு பங்கு நீருள்ள உலர்விறகு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 14 மெகாயூல் தரும். பாதி நீராயுள்ள பச்சை விறகு தருவது ஏறத்தாழ 8 மெகாயூல். நாம் மேலே கண்ட 42 மெகாயூலுக்கு உலர்விறகு 3 கிலோகிராம் போதும். பச்சை விறகாயின் 5 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். ஈர விறகு தாழ்ந்த வெப்பநிலையில் முற்றாக எரியாது புகைவதே இன்னும் பெரிய கேடு. ஆகவே மழைக்கு முன்னர் வெட்டிச் சிறிதாகப் பிளந்து, இஸ்தோப்பின் ஓரத்தில் வளி புகுமாறு அடுக்கி உலர்த்திய விறகு, பணமின்றிச் சேர்த்த பணத்துக்கு நிகராகும்.

எரிவாயுவும் மண்ணெண்ணெயும் புகை குறைந்தவை. ஆயின் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி அவற்றின் நிலையாமையைக் காட்டிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் அப்போது 1,000 ரூபா. அச்சிலிண்டரை இரவு வெப்பத்துக்கு மட்டும் எரித்தால் ஏறத்தாழ இரு வாரங்களே வரும். அதாவது இரு வார வெப்பத்துக்கு ஏறக்குறைய ஐந்து நாட் சம்பளம். அவ்வாண்டு ஆகத்தில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இன்னொன்றையும் கூறவேண்டும். ஒரு கிலோகிராம் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி தோன்றுகின்றது. புகைபோக்கியின்றி அதனை அறையுள் எரித்தால் ஈரக் குளிர் மேலும் ஈரமாகும்.

புகையும் தணலும்

வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சமையலும் உறக்கமும் ஒரே கூரையின்கீழ் நிகழும் காம்பராவில் இப்புகைக்கு முதலில் ஆளாவோர் அடுப்படியிலுள்ள பெண்ணும் அவளருகே இருக்கும் குழந்தையுமே.

புகையைக் காட்டிலும் வஞ்சகமானது தணல். கரித்தணலைச் சட்டியிலோ வாளியிலோ இட்டு உறங்குமிடத்தில் வைத்துக் கதவடைக்கும் வழக்கம் குளிர் நாடுகள் பலவற்றில் உயிர்களைப் பலிகொண்டுள்ளது. புகை தெரியாமையால் தீங்கில்லை என மக்கள் நம்புகின்றனர். ஆனால் தணல் காபனோரொட்சைட்டை வெளிவிடுகின்றது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது எழுந்து கதவைத் திறக்கும் வலுவும் போய்விடுகின்றது. உறங்குமிடத்தில் தணல் வைத்தலாகாது என்பதை ஐயத்துக்கிடமின்றி வற்புறுத்துகின்றோம்.

பிறர் கண்ட வழிகள்

நீலகிரியின் தோடர்கள் தம் மரபுக் குடிலை அரைப்பீப்பாய் வடிவில் மூங்கிலும் தடித்த புல்வேய்ச்சலும் கொண்டு அமைத்தனர். அதன் வாயில் மூன்றடி அளவே உயர்ந்தது. குனிந்து தவழ்ந்தே உட்புக வேண்டும். கூரையைத் தடிப்பாக்கி வாயிலைச் சிறிதாக்கல் என்னும் இவ்விரு விதிகளும் நாம் மேலே கணக்கிட்டுக் கண்டவையே. காசுமீரத்து மக்கள் காங்கிரி என்னும் சிறு தணற்கலத்தை உடையின் உள்ளே கொண்டு திரிவர். அறையை விட்டு உடலைச் சூடாக்கும் கருத்து அதிலுள்ளது. தீக்காய அபாயமும் அதிலுள்ளது. மேலை நாடுகளில் சிறு வண்டிகளையே வீடாக்கி மின்னிணைப்பற்ற இடங்களில் தங்குவோர் உளர். அவர்களும் முதலில் வண்டியின் தகட்டுச் சுவருக்கு உட்புறமாக வெப்பங்கடத்தாப் பொருளைப் பொருத்துகின்றனர். பின்னரே, எரிவளியை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் சிறு அடுப்பை அமைக்கின்றனர். செல்வம் வேறு, சூழல் வேறு. தகரப் பெட்டிக்குள் மனிதன் எதிர்கொள்ளும் விதிகள் ஒன்றே.

இவற்றிலிருந்து காம்பராவுக்கு ஏற்ற ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது உட்கூரை. பலகைக்கு வழியில்லையெனில், கழுவி உலர்த்திய சாக்குகளை இரு அடுக்காகத் தைத்து உறங்கும் பகுதியின் மேல் இழுத்துக் கட்டினும் பயனுண்டு. அடுப்பின் மேற்பகுதியில் மட்டும் அவை கூடா. ரெஜிபோம் எளிதிற் தீப்பற்றி நச்சுப்புகை கக்குவதால் அதுவும் கூடாது. இரண்டாவது, ஈர உடையைப் பிழிந்து இயன்றவரை இஸ்தோப்பிலேயே உலர்த்தல். மூன்றாவது படுக்கை. குளிர்ந்த சீமெந்துத் தரைக்கும் உடலுக்கும் இடையே பலகையோ சாக்கோ பாயோ தடிப்பாக அமைதல், மேலே போர்த்தும் இரண்டாவது கம்பளியைப் போன்றே இன்றியமையாதது. இராச் சமையலின் எஞ்சிய நெருப்பிற் சுடவைத்த இரு இலீற்றர் நீரை இறுக மூடிய போத்தலில் இட்டுத் துணி சுற்றிக் காலடியில் வைக்கலாம். அது தரும் வெப்பம் ஏறத்தாழ 0.3 மெகாயூல். அறைக்கு அது ஒன்றுமில்லை. போர்வைக்குள்ளோ நள்ளிரவு வரை போதும்.

நான்காவதாகவே அடுப்பு வருகின்றது. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்திற் பத்திலொரு பங்கு அல்லது அதனிற் சிறிது கூடியதே பானையைச் சேரும். 1980களில் இலங்கையிற் பரவத்தொடங்கிய அனகி என்னும் இருபானைக் களிமண் அடுப்பு விறகைக் குறைத்தது. எனினும் அதற்குப் புகைபோக்கி இல்லை. அடுப்பை மண்ணும் கல்லும் கொண்டு தடிப்பாகக் கட்டி, புகையைச் சுவரோரக் குழாய் வழியே கூரைக்கு மேற் செலுத்தினால், மாலைச் சமையலின் வெப்பத்தை அக்கற்கட்டு ஏற்றுக்கொண்டு இரவில் மெல்லென விடும்.

கூரை யாருடையது?

இங்கே பௌதிகவியல் முடிந்து வேறொரு வினா தொடங்குகின்றது. மிக மலிவான வெப்பம் கூரையினடியிலும் புகைக்குழாயிலும் உள்ளது என்று கண்டோம். ஆயின் லயத்தின் கூரை அதன்கீழ் வாழ்பவருடையதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கை மாறியபோதெல்லாம் காம்பராவில் வாழ்ந்தோர் உரித்தற்றவராகவே இருந்தனர். உரித்தில்லாத கூரையிற் பணமிட்டு உட்கூரை அமைக்கவும், தகரத்தைத் துளைத்துக் குழாய் வைக்கவும் எக்குடும்பம் துணியும்? விறகை மட்டும் அது தன் விருப்பப்படி எரிக்கலாம். எனவே மிகுந்த உழைப்பும் மிகுந்த புகையும் வேண்டும் வழியே அதற்குத் திறந்த ஒரே வழியாயிற்று.

2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு என்னும் திட்டம், உரித்து என்னும் வினாவுக்கு விடைதேடும் முயற்சியாகும்; அதனை வரவேற்கின்றோம். ஆயினும் பக்கச் சுவர்களில் அயலவரின் வெப்பத்தை இழக்கும் தனிவீட்டுக்கு உட்கூரையும் புகைபோக்கியும் லயத்தைக் காட்டிலும் மிகுதியாகத் தேவை. புதிய வீடுகளின் வரைபடத்தில் இவ்விரண்டும் இடம்பெறல் வேண்டும். அவ்வீடுகள் வந்து சேரும் வரை காத்திருக்கும் பழைய லயங்களில், இவ்விரண்டையும் அமைத்துக் கொடுப்பது நிருவாகத்தின் திருத்தவேலைக் கடமையாக ஏற்கப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்துவைக்கத்தக்க கோரிக்கை இது.