முள்ளை எங்கே நிறுத்துவது?

2003-இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக வவுனியாவுக்குப் பஸ் ஏறியவர் கைக்கடிகாரத்தை நம்பிப் பயணம் செய்திருக்க முடியாது. முகமாலையில் இராணுவச் சோதனைச் சாவடியில் மணி ஒன்பது என்றால், அதைத் தாண்டி விடுதலைப் புலிகளின் சாவடிக்குள் நுழைந்ததும் எட்டரை. கிளிநொச்சியும் மாங்குளமும் அந்த எட்டரைக் கணக்கில்தான் இயங்கின. ஓமந்தையில் மறுபடி அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கால் வைத்தால், முகமாலையில் கிடைத்த அரை மணி பறிபோய்விடும்.

இந்தக் கூத்துக்குக் காரணம் மழை பொய்த்ததுதான். இலங்கை அப்போது மின்சாரத்துக்குப் பெரிதும் நீர்மின் நிலையங்களையே நம்பியிருந்தது. 1996-இல் நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்வெட்டு நாட்டை வாட்டியது. மாலை நேர விளக்குச் செலவைக் குறைக்கலாம் என்று அரசு மே 25 அன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஐந்தே மாதத்தில், அக்டோபரில், அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி அப்படியே தங்கிவிட்டது. புலிகள் இரண்டு மாற்றத்தையும் ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தார்கள். தெற்கிலும் அதை ரசித்தவர்கள் குறைவு. பிள்ளைகள் விடியாத இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பெற்றோர் முறையிட்டார்கள். 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, இலங்கை மீண்டும் இந்தியாவின் நேரத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு வறட்சிக்காக எடுத்த முடிவு பத்து வருடம் நீடித்தது.

கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி, குளிர்காலத்தில் பின்னே இழுக்கும் ‘கோடை நேர’ வழக்கத்தின் அடிப்படை எளிது. மனிதர்கள் எழுவதும் வேலைக்குப் போவதும் சூரியனைப் பார்த்தல்ல, மணியைப் பார்த்து. கோடையில் அவர்கள் தூங்கும்போதே வீணாகும் விடியற்காலை வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து மாலையில் சேர்த்தால், அந்த அளவுக்கு விளக்கெரிக்கும் நேரம் குறையும். ஆனால் அப்படி எடுத்துச் சேர்க்க உபரி வெளிச்சம் இருக்க வேண்டுமே! லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. கடிகாரத்தைத் தொடாமல் விட்டால் ஜூனில் அங்கே அதிகாலை மூன்றே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும். கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. அங்கே மாலையில் அணைத்த விளக்கைக் காலையில் போட வேண்டியதுதான்.

இந்த யோசனையை முன்வைத்தவர்களில் முந்தியவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். பூச்சி சேகரிப்பில் பித்துப் பிடித்தவர். வேலை முடிந்த பிறகு பூச்சி தேட வெளிச்சம் வேண்டும் என்பது அவர் கவலை. 1895-இல் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார். இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் 1907-இல் துண்டுப் பிரசுரம் வெளியிட்டு, சாகும்வரை இதற்காக அலைந்தார். 1915-இல் அவர் இறந்த மறுவருடமே, 1916 ஏப்ரல் 30-இல், நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவும் 1942 முதல் 1945 வரை ஒரு மணி நேரம் முன்னே ஓடியது.

விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது என்று அமெரிக்காவில் இன்னமும் பலர் நம்புகிறார்கள். நடந்தது நேர்மாறு. மாடு கடிகாரம் பார்த்துப் பால் கறக்காது. பனி உலராமல் வைக்கோலை அள்ளவும் முடியாது. விவசாயிகளின் எதிர்ப்பால்தான் 1919-இல் அமெரிக்க நாடாளுமன்றம், அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி, கோடை நேரச் சட்டத்தை ரத்து செய்தது. கோடை நேரத்தால் பலனடைந்தவர்கள் கடைக்காரர்களும் பொழுதுபோக்குத் தொழில்காரர்களும். 1980-களில் அதை ஒரு மாதம் நீட்டிக்கும் பேச்சு வந்தபோது, தங்களுக்குக் கோடிக்கணக்கான டாலர் கூடுதல் வருமானம் வரும் என்று கணக்குக் காட்டியவை கோல்ஃப் துறையும் தோட்டத்தில் இறைச்சி சுடும் அடுப்பு விற்பவர்களும்தான்.

மின்சாரமாவது மிச்சமாகிறதா? 2007 முதல் அமெரிக்கா கோடை நேரத்தை நான்கு வாரம் நீட்டித்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு எரிசக்தித் துறை பார்த்த கணக்கின்படி, அந்த வாரங்களில் நாளொன்றுக்கு 0.5 சதவீதம் மிச்சம். ஆண்டு முழுவதற்கும் வைத்துப் பார்த்தால் 0.03 சதவீதம். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். இண்டியானாவில் கதை இன்னும் மோசம். 2006 வரை அம்மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் கடிகாரத்தை மாற்றாமலேயே இருந்தன. மாற்றத் தொடங்கிய பிறகு மேத்யூ கோட்சன், லாரா கிராண்ட் என்ற பொருளியலாளர்கள் வீடுகளின் மின்கட்டணக் கணக்கை ஆராய்ந்தார்கள். பயன்பாடு குறையவில்லை, சுமார் ஒரு சதவீதம் கூடியிருந்தது. விளக்குக்கு ஆகும் செலவு குறைந்தது உண்மை. ஆனால் வெயில் இறங்கும் முன்பே எல்லோரும் வீடு திரும்பி ஏசியைப் போட்டார்கள். வில்லெட் காலத்தில் ஏசி ஏது!

உடம்பும் இந்த மாற்றத்தைச் சும்மா விடுவதில்லை. வசந்தத்தில் ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோகும் வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதாக 2008-இல் சுவீடன் ஆய்வு ஒன்று காட்டியது. அதே வாரத்தில் அமெரிக்காவில் உயிர்ப்பலி வாங்கும் சாலை விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது.

அப்படியானால் நிறுத்திவிட வேண்டியதுதானே? நிறுத்த வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதிலளித்தார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் நிறுத்தச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 410-க்கு 192 என்ற வாக்கில் ஒப்புதலும் கொடுத்தது. 2021-இல் முடிந்திருக்க வேண்டிய கதை உறுப்பு நாடுகளின் மேசையில் கிடக்கிறது. நிறுத்துவது சரி, முள்ளை எந்த நேரத்தில் நிறுத்துவது? அங்கேதான் எல்லாம் முட்டிக்கொள்கிறது.

அமெரிக்கா இதைச் சோதித்தே பார்த்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அதிபர் நிக்சன் குளிர்காலத்திலும் கோடை நேரமே தொடரும் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். 1974 ஜனவரி 6-இல் அது நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் அதை ஆதரித்தவர்கள் 79 சதவீதம். ஜனவரி 7, திங்கட்கிழமை, வாஷிங்டனில் சூரியன் உதித்தபோது மணி 8.27. பிள்ளைகள் டார்ச் விளக்கோடு பள்ளி பஸ்ஸுக்கு நின்றார்கள். ஃபுளோரிடாவில் சில வாரங்களுக்குள் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் சாலை விபத்துகளில் இறந்ததும், ஆளுநர் ரூபின் ஆஸ்க்யூ சட்டத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பிப்ரவரியில் ஆதரவு 42 சதவீதத்துக்குச் சரிந்தது. இரண்டு குளிர்காலங்களுக்கென்று போட்ட சட்டத்தை, இரண்டாவது குளிர்காலம் தொடங்கும் முன்பே அதிபர் ஃபோர்டு திருத்தி எழுதினார். ரஷ்யாவும் 2011-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய், காலை இருட்டு தாங்காமல் 2014-இல் குளிர்கால நேரத்துக்கு வந்து நின்றது.

கோடை நேரம் என்றாலே நீண்ட மாலை, கடற்கரை, பூங்கா என்று மனம் ஓடுகிறது. ஜனவரி மாதக் காலையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் கருத்துக்கணிப்பில் ஜெயிப்பது வாழ்ந்து பார்க்கையில் தோற்கிறது. தூக்க மருத்துவர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள்: உடலின் உள்கடிகாரத்தை முடுக்குவது காலை வெளிச்சம், ஆகவே குளிர்கால நேரமே நிரந்தரமாகட்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2020-இல் அறிவித்தது. கிடைத்திருக்கும் ஆதாரங்களைப் பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கமே சாய்கிறது.

ஆனாலும் வரைபடம் விடுவதாயில்லை. ஸ்பெயினின் மேற்குக் கடைசியில் இருக்கும் வீகோ நகரமும் போலந்தின் வார்சாவும் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றன. கோடை நேரம் நிரந்தரமானால் வீகோவில் ஜனவரி விடியல் காலை பத்து மணிக்கு. குளிர்கால நேரம் நிரந்தரமானால் வார்சாவில் ஜூன் விடியல் மூன்றேகால் மணிக்கு. இந்த இரண்டு ஊர்க்காரர்களையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் ஒரு நேரம் இல்லை. ஆளாளுக்கு ஒரு முடிவெடுக்கட்டும் என்று விட்டாலும் வம்புதான். 2023 மார்ச்சில் லெபனான் பிரதமர் நஜீப் மிகாத்தி, ரமலானை ஒட்டி, கடிகார மாற்றத்தைக் கடைசி நேரத்தில் ஒத்திவைத்தார். மரோனைட் கிறித்தவத் திருச்சபை ஏற்கவில்லை. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது; அரசு பின்வாங்கிய பிறகே அடங்கியது.

கடிகாரத்தைத் தொடாத சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க்கின் காலை எட்டு மணி மீட்டிங், குளிர்காலத்தில் ஓஎம்ஆர் சாலை ஐ.டி. அலுவலகங்களில் மாலை ஆறரைக்கு; கோடையில் ஐந்தரைக்கு. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாற, ஐரோப்பா கடைசி ஞாயிறுவரை காத்திருக்கும். இடைப்பட்ட வாரங்களில் லண்டன், நியூயார்க், சென்னை மூன்றும் சேரும் அழைப்பில் யாராவது ஒருவர் தனியாகக் காத்துக்கொண்டிருப்பார்.

டொராண்டோ தமிழர்களுக்கும் ஊருக்குப் போன் போடும் கணக்கு வருடத்துக்கு இருமுறை மாறுகிறது: ஒன்பதரை மணி நேர வித்தியாசம் நவம்பரில் பத்தரையாகிவிடும். கோடை நேரத்தை நிரந்தரமாக்கும் சட்டத்தை ஒன்டாரியோ மாகாணம் 2020-லேயே நிறைவேற்றியது. கியூபெக்கும் நியூயார்க்கும் கூடவே மாறினால்தான் அது அமலுக்கு வரும். நியூயார்க் தானாக மாற முடியாது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு மாநிலம் குளிர்கால நேரத்தில் நிரந்தரமாக நிற்கலாமே தவிர, கோடை நேரத்தில் நிற்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும். 2022 மார்ச் 15-இல் செனட் சபை அந்த அனுமதியை ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கொடுத்தது. பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.