மோகன் பகான்: ஒரு கழகமும் அதன் உடைமையாளரும்

சப்பிரகமுவத் தோட்டங்களில், அது கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையாயினும் இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானையாயினும், ஞாயிறு பிற்பகலில் இளைஞர் உதைபந்தாடும் இடம் பெரும்பாலும் பிரட்டுக்களமாகவோ தொழிற்சாலையை அடுத்த வெற்றுநிலமாகவோ இருக்கக் காணலாம். வேலைநாட் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் நிலமே அன்று ஆடுகளமாகின்றது. துரைமாருக்குக் கழகங்கள் இருந்தன; அவற்றினுள் தொழிலாளி பணியாளனாக மட்டுமே நுழைந்தான். தொழிலாளரிடம் பந்து இருந்தது. ஆயின் பந்து இருந்தால் மட்டும் கழகம் உருவாகிவிடுவதில்லை. தனக்கென்று மிஞ்சும் நேரமும், எவர் அனுமதியும் இன்றிக் கூடுதற்கு நிலமும், சந்தாவாகக் கொடுக்கச் சிறிது பணமும் அதற்கு வேண்டும். 1921 வரை துண்டு முறையினால் தோட்டத்துடன் கட்டுண்டு கிடந்தவர்க்கு இம்மூன்றும் எட்டாதனவாகவே இருந்தன.

அப்படியானால் இவை மூன்றும் எவரிடம் இருந்தன, அவர்கள் அவற்றைக் கொண்டு எதனை அமைத்தனர், அமைத்தது பின்னர் எவர் கைக்குப் போயிற்று என்ற வினாக்கள் எழுகின்றன. இவற்றை ஆராய்வதற்கு, இதே ஏகாதிபத்தியத்தின் தலைநகராயிருந்த கல்கத்தாவில் தோன்றி இன்றுவரை நிலைத்திருக்கும் மோகன் பகான் கழகம் ஏற்ற சான்றாகும் என்பது எமது கருத்து.

1889 ஓகஸ்ட் 15இல் வட கல்கத்தாவின் மாளிகையொன்றில் இக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. மாளிகையின் பெயரே கழகத்தின் பெயராயிற்று. மித்ரா, போஸ், சென் என்னும் செல்வக் குடும்பங்கள் அதன் பின்னணியில் நின்றன. முதற் தலைவர் பூபேந்திரநாத் போஸ் சட்டத் தொழிலர். 1914இல் இந்திய தேசியக் காங்கிரசுக்கும் தலைமை தாங்கியவர். பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியரான ஆங்கிலேயர் ஒருவர், மீன்பிடித்தலும் வேட்டையும் இல்லாத கழகம் தன்னை 'ஸ்போட்டிங்' கழகம் என்று அழைத்தல் பொருந்தாது எனக் கூற, அது 'அத்லெட்டிக்' கழகம் எனப் பெயர் மாற்றிக்கொண்டதாகச் சொல்வர். ஆள்வோனின் அகராதியைக் கூட ஏற்றுக்கொண்டு தொடங்கியதே இக்கழகம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

'வங்காளி வீரமற்றவன், உடல்வலி அற்றவன்' என்பது மக்காலே காலந்தொட்டு ஆட்சியாளர் பரப்பிய கருத்துநிலை. நிருவாகத்தில் இடம் கேட்ட படித்த வர்க்கத்தை இழிவுபடுத்துவதற்கு அது பயன்பட்டது. எனவே உடற்பயிற்சி, ஒழுக்கம், கட்டுப்பாடு ஆகியன அவ்வர்க்கத்தாருக்கு வெறும் பொழுதுபோக்காக அமையவில்லை. 1905இன் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் அவ்வுணர்வைத் தெருவுக்குக் கொண்டு வந்தன.

இப்பகைப்புலத்திலேயே 1911ஆம் ஆண்டினை நோக்குதல் வேண்டும். 1893இல் தொடங்கிய ஐ.எவ்.ஏ. கேடயத்தை அதுவரை இந்தியக் கழகம் எதுவும் வென்றதில்லை. அவ்வாண்டு மோகன் பகான் படைப்பிரிவு அணிகளை ஒவ்வொன்றாக வீழ்த்தியது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் முதலில் சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3-0 என வென்றது. யூலை 29இல் இறுதியாட்டம். எதிரணி கிழக்கு யோக்ஷயர் படைப்பிரிவு. மைதானத்தைச் சூழ அறுபதினாயிரம் முதல் எண்பதினாயிரம் பேர் வரை திரண்டதாகச் செய்திகள் கூறும். ஆட்டத்தைக் காண முடியாது தொலைவில் நின்றவர்களுக்குக் கோல் நிலவரம் பட்டம் விட்டு அறிவிக்கப்பட்டது. படைப்பிரிவின் ஜக்சன் முதற் கோலைப் போட, தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமப்படுத்தினார்; இறுதி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் இரண்டாம் கோலைப் போட்டார். 2-1.

பதினொருவருள் பாதணி அணிந்தவர் ஒருவரே. அவர் கல்லூரி ஆசிரியரும் கிறித்தவருமான சுதீர் சட்டர்ஜி. ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். இந்த வெறுங்கால் பின்னாளில் ஒரு தொன்மமாகிவிட்டது. ஏழை இந்தியா செல்வப் பேரரசைத் தோற்கடித்தது என்று அதனைப் பொருள்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. இது முழுமையான உண்மையன்று. அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். மற்றையோருட் பெரும்பாலோர் படித்து உத்தியோகம் பார்த்த மத்தியதர வர்க்கத்தினர். வெறுங்கால் அவர்களது ஆட்டப் பழக்கம்; வறுமையின் சின்னமன்று. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளில் அன்று உழைத்துக்கொண்டிருந்தவர்களின் வரலாறு இவ்வெற்றியின் கதையில் எழுதப்படவில்லை.

ஆயினும் இதனைக் காரணம் காட்டி அவ்வெற்றியைச் 'சிறு பூர்ஷ்வா' மகிழ்ச்சி என ஒதுக்கிவிடுவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. எம்மவர் சிலரிடம் இத்தகைய சோம்பேறித்தனமான மார்க்சியம் உண்டு. ஆடியவர் எவ்வர்க்கத்தினர் என்பது ஒரு வினா. அவ்வாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டவர் எவர் என்பது வேறொரு வினா. சீருடை அணிந்த படைவீரனை எதிர்த்து மோதிய எந்த இந்தியனும் அன்று தண்டனைக்குத் தப்ப முடியாது. ஆட்டம் நடந்த நேரத்திலாவது ஆடுகளத்துக்குள் அச்சட்டம் செல்லாது போயிற்று என்பதைக் கண்ட கூட்டம், தான் கண்டதைச் சரியாகவே விளங்கிக்கொண்டது. அவ்வாண்டு டிசெம்பரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டதும் தலைநகர் டில்லிக்கு மாற்றப்பட்டதும் ஆட்டத்தின் விளைவுகளல்ல. எனினும் மக்கள் நினைவு இவற்றை ஒன்றாக முடிந்து வைத்திருப்பதில் வியப்பில்லை.

வெற்றியின் பின்னரும் கல்கத்தா லீக்கின் கதவு உடனே திறக்கவில்லை. 1914இல் இரண்டாம் பிரிவிலும், 1915இல் முதற் பிரிவிலும் மோகன் பகான் இடம்பெற்றது. முதற் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 1920களின் நடுப்பகுதிவரை நீடித்தது. லீக்கை முதலில் வென்ற இந்தியக் கழகம் மோகன் பகான் அன்று. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகமதன் ஸ்போட்டிங். அக்கழகம் மழைக்காலச் சேற்றில் பாதணி அணிந்து ஆடியதை இங்கு நினைவுகூர்தல் தகும். மோகன் பகான் 1939இலேயே லீக்கை வென்றது.

'தேசம்' என்ற போர்வை எவ்வளவு குறுகியதாயிருந்தது என்பதை இக்காலப்பகுதி காட்டுகின்றது. முகமதனின் வெற்றிகள் முஸ்லிம் மக்களின் தன்மதிப்பாக நோக்கப்பட்டன. இந்து மத்தியதர வர்க்கத்தாருட் பலர் அவற்றைத் தேசிய வெற்றியாகக் கொண்டாட முன்வரவில்லை. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம், 1947இன் பின் எல்லை கடந்து வந்த அகதிகளின் கழகமாயிற்று. நிலமும் வீடும் இழந்து குடிசைகளில் வாழ்ந்தோர்க்கு அதன் வெற்றியே ஊராயிருந்தது. பழங்குடியினரான மேற்கு வங்கத்தவர் மோகன் பகானைப் பற்றி நின்றனர். முன்னவர் வென்றால் இலிசா மீனும் பின்னவர் வென்றால் இறாலும் சமைப்பர் என்பது கல்கத்தாவின் வேடிக்கை வழக்கு. வேடிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. 1980 ஓகஸ்ட் 16இல் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்தில் 16 இரசிகர்கள் மாண்டனர்.

இனி உடைமைக்கு வருவோம். நெடுங்காலம் இக்கழகம் உறுப்பினர் சந்தாவாலும் புரவலர் பணத்தாலும் நடந்தது. வெளிநாட்டு வீரரைச் சேர்ப்பதில்லை என்ற மரபினையும் அது பேணிவந்தது. 1991இல் நைஜீரியரான சீமா ஒகொரியின் வருகையுடன் அது முடிந்தது. 1996இல் தேசிய லீக் தொடங்கவே செலவு பெருகியது. 1998இல் யுனைட்டெட் புறூவரீஸ் குழுமம் கழகத்தின் உதைபந்தாட்டப் பிரிவில் பாதிப் பங்கினைப் பெற, மதுபான வாணிபப் பெயரொன்று கழகத்தின் பெயருக்கு முன்னே வந்து அமர்ந்தது. ஒழுக்கப் பயிற்சிக்கெனத் தொடங்கிய கழகத்துக்கு இவ்வாறு நேர்ந்ததை நகைப்புடன் நோக்கலாம். ஆயின் மூலதனத்துக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

2014இல் தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக் முற்றிலும் வேறு அடிப்படையில் அமைந்தது. அங்கு அணி என்பது உறுப்பினர் கூட்டமன்று. விலைக்கு வாங்கும் உரிமம். வெளியே நின்ற மோகன் பகான் 2014-15இலும் 2019-20இலும் ஐ-லீக்கை வென்றும், வணிகக் கணக்கில் பின்தங்கியே இருந்தது. 2020இல் அதன் உதைபந்தாட்டப் பிரிவின் நூற்றுக்கு 80 பங்கு ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமத்திடம் சென்றது, குழுமத்தின் ஏ.ரி.கே. அணியுடன் இணைந்து 'ஏ.ரி.கே. மோகன் பகான்' ஆயிற்று. 1897இல் இலண்டனில் பதிவுசெய்யப்பட்ட கல்கத்தா மின்வழங்கு நிறுவனத்தின் இன்றைய உடைமையாளரும் இக்குழுமமே. பெயரின் முன்னொட்டை நீக்குமாறு இரசிகர் மூன்றாண்டு போராடினர். 2023 மார்ச்சில் அணி சுப்பர் லீக்கை வென்ற இரவில் நீக்கம் அறிவிக்கப்பட்டது. 'சுப்பர் ஜயன்ற்' என்ற குழுமத்தின் வேறொரு வணிகப் பெயர் பின்னொட்டாக ஒட்டிக்கொண்டது. பெயரை மீட்டவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

தோட்ட மக்களுக்கு இக்கதை அந்நியமானதன்று. ஸ்ரேர்லிங் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் அரசிடமிருந்து பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்கும் தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு பால் வெட்டியவரிடமும் கொழுந்து பறித்தவரிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை. வேறுபாடு ஒன்றுண்டு. கல்கத்தா இரசிகரிடம் கூடுவதற்கு ஒரு நகரம் இருக்கின்றது.

2024 ஓகஸ்ட் 9இல் அந்நகரின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்முறைக்குட்பட்டுக் கொலையுண்டார். நகரெங்கும் எதிர்ப்பு மூண்டது. ஓகஸ்ட் 18இல் நடைபெறவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்பைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத அம்மாலையில் இரு கழகத்தாரும், அவர்களுடன் முகமதன் இரசிகரும், சால்ற் லேக் அரங்கின் வெளியே நீதி கேட்டு ஒன்றாகத் திரண்டனர். பொலிசார் தடியடி நடத்தினர். ஈஸ்ட் பெங்கால் இரசிகர் ஒருவர் மோகன் பகான் இரசிகரின் தோள்மீது அமர்ந்து முழக்கமிடும் படம் மறுநாள் நாடெங்கும் பரவியது.